எலும்போடு ஒன்றும் திருகு: பல் இம்ப்ளாண்ட் எப்படி வேலை செய்கிறது?

பல் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அது முழுக்க நுண்ணிய நார்கள். ஒவ்வொன்றும் ஒரு முனையில் வேரிலும் மறு முனையில் எலும்பிலும் பதிந்திருக்கும். தூளியில் கிடக்கும் குழந்தையைப் போல பல் இந்த நார்களில்தான் தொங்குகிறது. நாம் கடிக்கும்போது பல் கொஞ்சம் உள்ளே அமிழ்கிறது, நார்கள் எலும்பை இழுக்கின்றன, அந்த நார்களுக்கு இடையே இருக்கும் நரம்பு முனைகள் எவ்வளவு அழுத்தம் என்று மூளைக்குச் சொல்கின்றன. உணவில் சிறு கல் அகப்பட்டதும் வாய் சட்டென்று நின்றுவிடுகிறதே, அது இந்த நரம்புகளின் வேலை.

இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பில் பொருத்தும் திருகான இம்ப்ளாண்ட்டில் இந்த நார் கிடையாது. அதன் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன.

ஒரு பல் போய்விட்டால் அதன் நார்களும் போய்விடும். இழுக்க ஆளில்லாத எலும்பை உடல் மெல்லக் கரைக்கத் தொடங்குகிறது. பல்லை எடுத்த ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். பிரிட்ஜ் வைத்தால் பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவி, அவற்றின் மேல் புதுப் பல்லைத் தாங்க வைப்பார்கள். மெல்ல வசதிதான், ஆனால் நடுவில் இருக்கும் எலும்புக்கு வேலை இல்லை. கழற்றி மாட்டும் பல்செட் ஈறின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறது. எலும்பு குறையக் குறைய செட் தளர்ந்துகொண்டே போகும். இம்ப்ளாண்ட் மட்டும்தான் வேர் இருந்த இடத்துக்கே இறங்கி, கடிக்கும் விசையை எலும்புக்குள் கொண்டுபோகிறது. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: பல்லை எடுத்த கையோடு இம்ப்ளாண்ட்டைப் பொருத்தினாலும், அந்த முதல் சுருக்கம் முழுதாக நின்றுவிடுவதில்லை.

அமைப்பு எளிமையானது. எலும்புக்குள் போகும் டைட்டேனியத் திருகு, பொதுவாக 3.5 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதன் மேல் ஈறைத் தாண்டி வெளியே வரும் ஒரு இணைப்புத் துண்டு. அதற்கும் மேல், கண்ணுக்குத் தெரியும் பல்லாகிய கேப்.

டைட்டேனியம் எலும்போடு இப்படிச் சேரும் என்பதைக் கண்டுகொண்டவர் பெர்-இங்வார் பிரோனேமார்க் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர். பல்லைத் தேடிப் போனவர் அல்ல அவர். 1950களின் தொடக்கத்தில் லுண்ட் பல்கலைக்கழகத்தில், எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் ஓடுவதை நேரில் பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தால் ஆன சிறு பார்வைக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து விலை உயர்ந்த அந்தக் கருவியை மீட்கப் போனால், எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் இம்ப்ளாண்ட்களைப் பொருத்தினார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவற்றைப் பயன்படுத்தினார். ஆனாலும் பல் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் பரவலான ஏற்பு கிடைத்தது.

சரி, டைட்டேனியத்தில் அப்படி என்ன இருக்கிறது? காற்று பட்ட கணமே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடும். கீறினாலும் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். உடலின் உப்பு நீரில் கிடந்தும் உலோகம் அரிக்காமல் இருப்பதற்கு இந்தப் படலமே காரணம். டைட்டேனியத்தை உடல் தன் சொந்தப் பொருளாக ஏற்றுக்கொள்கிறது என்று சொல்வதுண்டு. அது கொஞ்சம் மிகை. அந்நியப் பொருளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்காமல், அதைச் சுற்றி எலும்பைக் கட்டி அடைத்துவிடுகிறது என்பதுதான் இன்னும் பொருத்தம். நமக்கு வேண்டியதும் அதுதானே. இன்றைய திருகுகளின் மேற்பரப்பை நுண்துகள்களால் அடித்து, அமிலத்தில் தோய்த்து, வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலான அந்தப் பள்ளங்களில் ரத்த உறைவின் இழைகள் தொற்றிக்கொள்ளும். எலும்பு செல்கள் அந்த இழைகள் வழியாகத்தான் திருகை எட்டுகின்றன.

அறுவை மேசையில் கவனமெல்லாம் சூட்டின் மேல் இருக்கும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே செல்கள் சாகத் தொடங்கிவிடும். அதனால்தான் மெதுவாகச் சுழலும் கூர்மையான துளைக்கருவி, இடைவிடாமல் பீய்ச்சும் உப்பு நீர், சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குவது எல்லாம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பையும் மேல்தாடைக்கு மேலே இருக்கும் காற்றறையையும் ஸ்கேனில் முன்பே அளந்து வைத்திருப்பார்கள். கீழே உள்ள நரம்பிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்பது வழக்கம்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். திருகு இறுக்கிய அன்றைக்குப் பிடிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது வெறும் மரையின் பிடிப்பு. அடுத்த சில வாரங்களில், துளைத்தபோது நசுங்கிய எலும்பை உடல் கரைத்து அப்புறப்படுத்துகிறது. அதே நேரத்தில் புது எலும்பும் வளர்கிறது. பழைய பிடி போய்ப் புதுப் பிடி வந்து சேருவதற்குள் மொத்தப் பிடிப்பு கொஞ்ச காலம் குறைகிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் இம்ப்ளாண்ட் முதல் நாளைவிடத் தளர்ந்து இருக்கும்! வலி போய், வீக்கம் வடிந்து, நோயாளி எல்லாம் சரியாகிவிட்டது என்று கடினமானதைக் கடிக்கத் துணிவதும் இந்தச் சமயத்தில்தான். திருகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால், அங்கே எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இயற்கைப் பல்லின் நார் திரும்பி வந்துவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. இது ஒழுங்கில்லாமல் திருகைச் சுற்றி மூடும் தழும்பு. அந்தக் காலத்தில் சிலர் இந்த உறையை நல்லது என்றே நம்பினார்கள். நாளாக ஆக அந்தத் திருகுகள் ஆடத் தொடங்கின.

எனவேதான் கீழ்த்தாடையில் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம் வரை காத்திருக்கச் சொல்வது வழக்கமானது. இப்போது இது குறைந்து வருகிறது. முதல் நாள் பிடிப்பு நன்றாக இருந்தால், அல்லது பல திருகுகளை ஒன்றாகப் பிணைத்து அசைவைத் தடுக்க முடிந்தால், அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. காத்திருக்கச் சொன்னால் தயவுசெய்து காத்திருங்கள்.

கேப் வந்த பிறகு நார் இல்லாதது வேறு விதமாகத் தெரியும். இயற்கைப் பல் கடிக்கும்போது 25 முதல் 100 மைக்ரான் வரை அமிழும். இம்ப்ளாண்ட் ஐந்து மைக்ரானைத் தாண்டுவதே அரிது. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால், மற்றவை அமிழ்ந்துபோக, மொத்தச் சுமையும் இம்ப்ளாண்ட் தலையில் விழும். அதனால் மருத்துவர் மிக மெல்லிய தாளை நடுவில் வைத்து, லேசாகக் கடிக்கும்போது அது உருவி வருகிறதா, அழுத்திக் கடிக்கும்போது நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ராவுவார். வளரும் பிள்ளைகளுக்கு இதை வைக்காததும் இதனால்தான். தாடை வளர வளர இயற்கைப் பற்கள் சேர்ந்து மேலெழும், எலும்போடு ஒன்றிய திருகு இருந்த இடத்திலேயே நின்று பள்ளத்தில் சிக்கிவிடும்.

ஈறிலும் வித்தியாசம் உண்டு. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காகப் புதைந்து ஒரு தடுப்பு போலிருக்கும். இம்ப்ளாண்ட்டைச் சுற்றி அவை பெரும்பாலும் பக்கவாட்டில் இணையாகவோ வளையமாகவோதான் ஓடுகின்றன. கிருமி உள்ளே இறங்க வழி எளிது. திருகுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள எலும்பு அழற்சியால் கரையும். புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், முன்பே ஈறு நோய் வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மறக்காமல் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த அழற்சியில் ஆரம்பத்தில் வலி இருக்காது. துலக்கும்போது ரத்தம், ஈறு சிவப்பு, சீழ் இவைதான் அடையாளம். அப்புறம் பல் ஆடினால் பயந்துவிட வேண்டாம். பல நேரங்களில் இணைப்புத் துண்டின் சிறு திருகு தளர்ந்திருக்கும், அதை இறுக்கிவிடலாம். எலும்புக்குள் இருக்கும் இம்ப்ளாண்ட்டே ஆடுகிறது என்றால் அது எலும்பை விட்டுவிட்டது. கழற்றி, இடம் ஆறிய பிறகு மீண்டும் முயல்வதுதான் வழி.