வறண்ட தோலுக்குத் தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு

தோல் வறட்சி என்றால் மார்கழிப் பனியில் வந்து தையில் போய்விடும் தொல்லை என்றுதான் வேலூர்ப் பக்கத்தில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி நாட்களிலும், நகத்தால் கீறினால் கெண்டைக்காலில் வெள்ளைக் கோடு விழும் நிலையில் நோயாளிகள் என்னிடம் வருகிறார்கள். அதற்கு அவர்களே சொல்லும் காரணங்கள் இரண்டு: உடம்பு சூடு, அல்லது ரத்தம் கெட்டுவிட்டது. இரண்டுமே உண்மையான காரணங்கள் அல்ல.

தோலின் மேலடுக்கில் உள்ள உயிரற்ற செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த மெல்லிய கொழுப்பு நிரம்பியிருக்கிறது. உடலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுப்பது அதுதான். அது குறையும்போது மேலடுக்கின் ஈரமும் குறைந்து, செல்கள் சுருங்கி விளிம்பு தூக்கிக்கொள்கின்றன. செதிலாகவும் சொரசொரப்பாகவும் நாம் காண்பது அதைத்தான். ஈரத்தைப் பிடித்துவைக்கும் அடுக்கே பழுதாகியிருக்கும்போது, தாகத்துக்கு மேல் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதால் தோலுக்குப் பெரிய பயன் இல்லை. வயது ஏற ஏற இந்தக் கொழுப்பு குறைவதால்தான் முதியவர்களின் முன்னங்காலில், கோடையில் வற்றிய ஏரித் தரையைப் போல, சிவந்த வெடிப்புகள் ஓடுகின்றன.

வயதுக்கு அடுத்தபடியாக நான் குறை சொல்வது நம் குளியலறையைத்தான். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, எளிதில் கரையாத ஒரு படிவாகத் தோலிலேயே தங்குகின்றன. நுரை வரவில்லையே என்று சோப்பை இன்னும் இரண்டு முறை தேய்க்கிறோம். அமிலம், காரம் இரண்டையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) தோலின் இயல்பான அமிலத்தன்மை 5 அளவில் இருக்க, வழக்கமான சோப்பு 9 முதல் 10 வரை காரத்தன்மை உடையது. இது போதாதென்று, வாளித் தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினியை ஊற்றிக் குளிக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. தரை துடைக்க உதவும் திரவத்தை உடம்புக்கு ஊற்ற வேண்டிய அவசியம் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வறண்ட தோல் உள்ளவர்கள் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து, அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் மென்மையான சோப்பைப் போட்டால் போதும். பயத்தமாவு தவறில்லை, ஆனால் சன்னமாகச் சலித்திருக்க வேண்டும். வெடித்த தோலில் அதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பீர்க்கங்கூடு வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்க் குளியலில் நமக்குள்ள நம்பிக்கை பெரிது. நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறி, பிறகு சீயக்காயோ சோப்போ போட்டு அதை ஒரு துளி விடாமல் எடுத்துவிடுகிறோம். வறட்சிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான வரிசை: முதலில் குளியல், துண்டால் ஒற்றி எடுத்தல், ஈரம் முழுவதும் காயும் முன் மூன்று நிமிடத்துக்குள் எண்ணெய் அல்லது களிம்பு. விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருவதாக, பிலிப்பைன்ஸில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளை வாசலின் ஈரத்தை இவ்விரண்டையும்விட நன்றாக அடைக்கும். பிசுபிசுப்புத்தான் அதன் குறை. எண்ணெய் பூசிய காலோடு முதியவர்கள் குளியலறை ஓட்டுத் தரையில் நடக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து பூசிக்கொள்ள வேண்டும்.

பூசும் அளவிலும் கஞ்சத்தனம் காட்டுகிறோம். பெரியவர் ஒருவருக்கு உடல் முழுவதும் ஒரு முறை பூச 25 முதல் 30 கிராம் தேவைப்படும். அப்படியிருக்க, 50 கிராம் டியூபை இரண்டு மாதம் வைத்துப் பூசிவிட்டு, "ஒண்ணும் கேக்கலீங்க டாக்டர்" என்பவர்கள் பலர். அடுத்து மருந்துக்கடையில் தாமாகவே வாங்குவது, ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்பு. அது அரிப்பை இரண்டே நாளில் அடக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோலை இன்னும் மெலியச் செய்யும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் கூடங்களில் சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் கை வைக்கிறவர்களின் கதை வேறு. அவர்களுடைய கை வெடிப்பு பெரும்பாலும் தொழிலால் வந்த ஒவ்வாமை அல்லது எரிச்சல். கையுறை இல்லாமல் களிம்பு மட்டும் பூசிப் பயனில்லை. சிமெண்டில் வேலை செய்கிறவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

தடிப்போ கொப்புளமோ இல்லாமல் உடம்பெங்கும் வாரக்கணக்கில் அரித்தால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை தேவை. சர்க்கரை நோயாளிகளின் பித்தவெடிப்பை அழகுப் பிரச்சினையாக எண்ண வேண்டாம். நரம்பு கெட்டு வியர்வை நின்றுபோனதால் பாதம் வறண்டிருக்கலாம். அவர்கள் பாதத்தை வெந்நீரில் வைக்கக் கூடாது, ஏனெனில் சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். சாதாரண நீரில் கழுவித் துடைத்து, விரலிடுக்கைத் தவிர்த்து மற்ற இடங்களில் களிம்பு பூச வேண்டும்.

தொழுநோயிலும் இதே நரம்புச் சேதம் நிகழ்கிறது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய்க்கென மருத்துவமனை எழுந்த மாவட்டம் இது. உணர்ச்சியற்ற பாதத்தைச் சாதாரண நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, ஈரத்தோடு எண்ணெய் பூசுவது தொழுநோயாளிகளுக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் பராமரிப்பு. உடம்பில் ஓர் இடம் மட்டும் நிறம் வெளுத்து, வறண்டு, வியர்க்காமல், தொட்டால் தெரியாமல் இருந்தால், எந்தக் களிம்பும் பூசிப் பார்க்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்; தொழுநோய்க்கான பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து அங்கே இலவசம், குறித்த காலம் விடாமல் உட்கொண்டால் நோய் குணமாகும்.