கௌதாரிக்கு ஏன் தேதி குறிக்க முடியாது? வேட்டைக்காலத்தின் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சேலம் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை ஏறுவதை வைத்தே பலர் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். கௌதாரிக்கும் முயலுக்கும் காட்டுக்கோழிக்கும்கூட இப்படி ஒரு தடைக்காலத்துக்கு நம் சட்டத்தில் இடம் இருந்தது. 1912இல் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் தடைக்காலம் அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் அதற்கென்றே எழுதப்பட்டது. உரிமம் வாங்கிச் சுடவும் அதில் வழி இருந்தது. 1991இல் வந்த திருத்தம் இந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. இன்று சேலத்திலோ சேர்வராயன் மலையிலோ வேட்டைக்காலம் என்று ஒன்று இல்லை. 365 நாளும் தடைதான்.

வேட்டைக்கு இன்றும் அனுமதி தரும் நாடுகளில் தேதிகள் கறாரானவை. இங்கிலாந்தில் செந்நிற கிரவுஸ் பறவைக்கு ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. கௌதாரியின் உறவான சாம்பல் பார்ட்ரிட்ஜுக்குச் செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. கோழியின் உறவுப் பறவையான ஃபெசன்டுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஒரு நாள் முந்தினாலும் குற்றம்.

இந்தத் தேதிகளின் அடியில் இருப்பது ஒரு கழித்தல் கணக்கு. தரையில் கூடு கட்டும் பறவைகள் ஒரே ஈட்டில், அதாவது ஒரு முறை அடைகாப்பதில், நிறைய முட்டையிடும். பிறப்பதில் பெரும்பகுதி அடுத்த ஈட்டுக்குள் செத்துப்போகும். கணக்குக்காக, அடிவாரப் புதர்க்காடு ஒன்றில் அக்டோபரில் 100 கௌதாரிகள் என்று வைப்போம். வறட்சி வந்து புல்விதை தீர்ந்து, மறைவிடம் சுருங்கி, நரியும் கீரியும் வல்லூறும் எடுத்ததுபோக, கோடை தொடங்கும்போது அந்தக் காடு 60ஐத்தான் தாங்கும். அக்டோபரிலேயே 15ஐச் சுட்டுவிட்டால்? மிஞ்சிய 85க்குத் தீனியும் ஒளிவிடமும் சற்றுத் தாராளமாகும். 60ஐ ஒட்டியே கணக்கு வந்து நிற்க வாய்ப்புண்டு. எப்படியும் சாகவிருந்தவற்றின் இடத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இதை ஈடுகட்டும் இறப்பு என்பார்கள்.

அதே 15ஐப் பிப்ரவரிக் கடைசியில் சுட்டால் கதை வேறு. சலித்தெடுத்ததுபோல வறட்சியைத் தாண்டி நிற்பவை அவை. முட்டையிடப் போகிறவையும் அவைதான். அப்போது 60இல் 15 போனால் 45தான் மிச்சம். இது கூடுதல் இறப்பு. உலகில் எந்த வேட்டைக்காலத் தேதியை எடுத்தாலும், முதல் வகையில் நின்று இரண்டாம் வகைக்குள் காலை விடாமலிருக்கும் முயற்சிதான் அது. ஆனால் இந்த ஈடுகட்டலை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. மழை பொய்த்த வருடத்தில் அக்டோபரிலேயே 55தான் இருந்தால் கழிக்க உபரி எதுவும் இல்லை. அன்று சுடும் ஒவ்வொன்றும் கூடுதல் இறப்புதான். நாள்காட்டித் தேதி இதைக் கவனிக்காது. அதனால்தான் தேதியோடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்ற உச்சவரம்பும் வைக்கிறார்கள்.

விலங்குகளில் தேதி ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். இங்கிலாந்தில் ரோ மான் கிடாவைச் சுட ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. பெண்மானான பிணைக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. குட்டிகள் மே, ஜூனில் பிறக்கின்றன. கோடையில் பிணையைச் சுட்டால் புல்லுக்குள் படுத்திருக்கும் குட்டியும் பட்டினியில் சாகும். அதைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. நவம்பருக்குள் குட்டி மேயப் பழகிவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். லண்டனில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் எட்டரை மணி நேரத்துக்கு மேல். அங்குள்ள பறவையின் மூளை பகல் நீள்வதை அளந்தே இனப்பெருக்கத்தைத் தொடங்குகிறது. வருடாவருடம் நாள் பெரிதாகப் பிசகாது. சேலத்தில் அந்த வித்தியாசம் சுமார் 1 மணி 20 நிமிடம். பகல் நீளம் இங்கே மங்கலான கடிகாரம். மழையும், மழைக்குப் பின் கிளம்பும் பூச்சியும்தான் பெரும்பாலும் நேரம் குறிக்கின்றன.

புதுச்சேரியின் பெயரை அறிவியல் பெயரிலேயே சுமக்கும் நம் கௌதாரி முக்கியமாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கூடு வைக்கும். முட்செடி அடியில் காலால் பறித்த சிறு பள்ளம், அதில் ஆறு முதல் எட்டு முட்டை. ஒரு கூடு கெட்டால் மறுபடி முட்டையிடவும் கூடும். சேர்வராயன் மலையின் மேல்பகுதியில், காப்பித் தோட்ட ஓரங்களில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கு முக்கியமான பருவம் பிப்ரவரி முதல் மே வரை. நான்கிலிருந்து ஏழு முட்டை, 21 நாள் அடை. ஆக, அடிவாரத்துக்கு ஒரு தேதி, ஏற்காட்டுக்கு வேறு தேதி. இரண்டையும் ஒரே அறிவிப்பில் அடக்கினால் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எட்டு மாதம் தடையாகிவிடும். பிந்திய குஞ்சுகள் வளர இன்னும் ஓரிரு மாதம் சேர்த்தால், மிஞ்சுவது விரல் விட்டு எண்ணும் வாரங்கள். சட்டம் முழுத் தடைக்குப் போனதற்கு இது காரணம் அல்ல. ஆனால் வெளிநாட்டுத் தேதிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

ஆணை மட்டும் சுடலாமே என்று கேட்கலாம். காட்டுக்கோழியில் அது ஓரளவு நடக்கும்; சேவலைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஃபெசன்டுக்கு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சேவலுக்கு மட்டும் அனுமதி இருப்பது இதனால்தான். கௌதாரியில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே தோற்றம். ஆணின் காலில் உள்ள முள்ளைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்; பறவை பறந்தோடும் அந்த ஒரு நொடியில் யாருக்கு அது தெரியும்?

தேதி சரியா என்று சோதிக்கும் முறைதான் இதில் சுவாரசியமானது. அமெரிக்காவில் வாத்து வேட்டையாடுவோரில் ஒரு பகுதியினர், சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஒரு சிறகையும் உறையிலிட்டுத் தபாலில் அனுப்புவார்கள். உயிரியலாளர்கள் மேசையில் பரப்பிவைத்து இனம், வயது, பால் பிரிப்பார்கள். சாம்பல் பார்ட்ரிட்ஜில் இது இன்னும் எளிது. சிறகை விரித்து வெளி ஓரத்து இரண்டு இறகுகளைப் பார்த்தால் போதும். நுனி கூராக இருந்தால் அந்த வருடத்துக் குஞ்சு. வட்டமாக இருந்தால் பெரிய பறவை. இளம் பறவை முதல் இறகு உதிர்ப்பில் மற்றவற்றை மாற்றினாலும் அந்த இரண்டை மட்டும் விட்டுவைப்பதால் வரும் வித்தியாசம் இது. ஒரு முதிர்ந்த பறவைக்கு எத்தனை இளம் பறவை என்ற விகிதம் சரிந்தால், அந்த வருடம் ஈடு தோற்றிருக்கிறது என்று பொருள். அடுத்த பருவத்தின் நாளையும் எண்ணிக்கையையும் குறைக்க இது ஒரு கைகாட்டி.

கண்ணியில் இந்தக் கணக்கு எதுவும் எடுபடாது. பைக் பிரேக் கம்பியில் செய்த சுருக்கு மாதம் பார்க்காது, பெட்டை சேவல் பார்க்காது; முயலுக்கு வைத்ததில் புள்ளிமான் கன்றும் மாட்டும். பன்றிக்கு வைக்கும், தீனிக்குள் வெடிமருந்து பொதித்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறும் நாயும் மாடும் இதே ரகம். இப்போது முயலைப் பிடித்தாலும் கௌதாரியைப் பிடித்தாலும் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு மட்டும் 2025இல் தமிழக அரசு தனி ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம், விவசாயி சுட முடியாது. இதில் பருவம் பேசப்படவில்லை. இங்கே கோடு தூரத்தில் போடப்பட்டிருக்கிறது. பன்றிக்குச் சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு, ஓர் ஈட்டுக்கு நான்கைந்து குட்டி, தீனி கிடைத்தால் எந்த மாதமும் ஈனும்.

சேலம் சாலையோரக் கடைகளில் தட்டில் வரும் காடை வறுவல் காட்டிலிருந்து வருவதில்லை. அது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. ஐந்தாறு வாரத்தில் கறிக்குத் தயாராகும், 17, 18 நாளில் முட்டை பொரியும். குளிர்நாட்டுப் பறவை என்பதால் இன்றும் பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்டது. முட்டைக்காடைக் கொட்டகையில் விளக்கோடு சேர்த்து ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். மார்கழியிலும் அது கோடை என்று நம்பி முட்டையிடும். நாலைந்து நாள் மின்வெட்டு நீடித்தால் முட்டை குறையும்.