வயிற்றோட்டம் குறையும் நாளில் தொடங்கும் ஆபத்து

பிள்ளைக்கு இரத்தம் கலந்து போன வயிற்றோட்டம் குறைந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சில பிள்ளைகளுக்குக் குருதியையும் சிறுநீரகத்தையும் தாக்கும் எச்.யூ.எஸ். (ஹீமோலிட்டிக் யுரீமிக் சின்ட்ரோம்) என்ற கோளாறு தொடங்குவதோ அப்போதுதான். ஓட்டம் தொடங்கிய ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை கண்ணும் கருத்துமாகப் பார்க்கவேண்டும்.

ஈ.கோலை ஓ157 போன்ற பற்றீரியாக்கள் ஷிகா என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது சிறுநீரகத்தின் நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கும். புண்ணில் குருதியை உறையச்செய்யும் சிறுதட்டுகள் ஒட்டி உறைய, ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் அவற்றின் எண்ணிக்கை 150,000க்குக் கீழே இறங்கும். ஒடுங்கிய வழியில் நெருக்குப்படும் செங்குழியங்கள் கிழிந்துபோகும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உடைந்த தலைக்கவசம் போல இருக்கும். பிள்ளை வெளிறும், சலம் (சிறுநீர்) குறையும், சிலவேளை பிளேன்டீ நிறத்தில் போகும்.

ஓ157 தொற்றிய பத்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேருக்கு இந்நிலை வரலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், சத்தி எடுப்பவர்கள், தொடக்கத்திலேயே வெண்குழியம் 13,000ஐத் தாண்டியவர்கள், உடலில் நீர் வற்றியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூட.

நாமே கூட்டிவிடும் ஆபத்தும் உண்டு. ஓட்டத்தை நிறுத்தும் லோபரமைட் கொடுத்தால் நஞ்சு குடலில் தேங்கும். மிச்சமிருந்த நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால், பற்றீரியா உடைந்து உள்ளிருந்த நஞ்சும் கொட்டலாம். இரத்த வயிற்றோட்டத்தைத் தரும் இன்னொரு கிருமியான ஷிகெல்லாவுக்கோ அம்மருந்து தேவைப்படும். அதனால் மலப் பரிசோதனை பார்த்து வைத்தியர்தான் முடிவெடுக்கவேண்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் இபுபுரோபன் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

ஒரு பைக்கற் ஜீவனியை (உடலில் நீர் வற்றாமல் காக்கும் உப்புக்கரைசல் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, சத்தி எடுத்தாலும் ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

ஈ.கோலை ஓ157 கிருமி நோய் காட்டாமல் மாட்டின் குடலில் வாழும். மட்டக்களப்பின் படுவான்கரையில் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துக் கிணற்றுக்குள் மாரிவெள்ளம் சாணத்தை அடித்துவரும். அந்த நீரையும் கறந்த பாலையும் கொதிக்கவைக்காமல் கொடுக்கவே வேண்டாம்.

டெங்குக் காய்ச்சலுக்கு நாள்தோறும் சிறுதட்டு பார்ப்பது நமக்குப் பழகிய காரியம். இதற்கும் அப்படித்தான்: முதல் நாள் எண்ணிக்கை சரியாக இருந்தது என்பதால் ஆறாம் நாளும் சரியாக இருக்கும் என்றில்லை. பிள்ளை வெளிறினாலோ, எட்டு மணித்தியாலம் சலம் போகாவிட்டாலோ, தோலில் சிவப்புப் புள்ளி கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஓட்டம் தொடங்கிய திகதியையும் கொடுத்த மருந்துகளையும் எழுதி எடுத்துச்செல்லுங்கள்.