மூளையைக் கிழிக்காமல் மூளையின் அடிக்கு

மூளைக்கு வேண்டிய குருதி முழுவதும் கீழிருந்துதான் மேலேறுகிறது. கழுத்தின் முன்பக்கமாக வரும் உட்கழுத்துத் தமனிகள் இரண்டும், கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறிவரும் முள்ளெலும்புத் தமனிகள் இரண்டும் மண்டையோட்டுக்குள் நுழைகின்றன. பின்னவை இரண்டும் மூளைத்தண்டின் முன்னே ஒன்றாகி ‘பேசிலார்’ எனப்படும் அடித்தமனியாகின்றன. இந்தக் குழாய்கள் மூளையின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து அமைக்கும் வளையத்தை 1664-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விரிவாக விளக்கியதால், அது இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இவ்வளையத்தில் கிளை பிரியும் இடங்களில், ஓயாத குருதி அழுத்தத்தால் சுவர் மெலிந்து மொட்டுப் போலப் புடைப்பதுண்டு. மருத்துவர்கள் அனியூரிசம் என்று குறிப்பிடும் இப்புடைப்பு வெடித்தால் மூளையைச் சுற்றிக் குருதி பரவி, பலருக்கு அது உயிரைப் பறித்துவிடுகிறது. மொட்டின் காம்பில் ஒரு சிறு உலோகக் கிளிப்பை மாட்டிவிட்டால் அதற்குள் குருதி நுழையாது. சொல்வதற்கு எளிதான இந்தத் தீர்வில் உண்மையான சிக்கல், கிளிப்பை அங்கே கொண்டு சேர்ப்பதுதான். மேலே மூளை, கீழே மண்டையோட்டின் தடித்த அடித்தளம், நடுவில் நடுவிரல் நீள ஆழத்தில் தமனி.

மூளையைக் கீறிக்கொண்டு உள்ளே போவதுதான் வழி என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். உண்மையில் அறுவை மருத்துவர் மூளைக்குள் போவதே இல்லை. மூளையின் மடிப்புகளுக்கு இடையே நீர் தேங்கி நிற்கும் இடைவெளிகளின் வழியாகவே போகிறார். மூளையின் பெரிய தமனிகள் அனைத்தும் சிலந்தி உறை எனப்படும் மெல்லிய சவ்வுக்கு அடியில், அந்த நீரில்தான் கிடக்கின்றன. ஆகவே சவ்வின் வழியைப் பிடித்துக்கொண்டால் தமனியை அடைந்துவிடலாம்.

1937-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி, உட்கழுத்துத் தமனியிலிருந்து புடைத்த ஓர் அனியூரிசத்தின் காம்பில் வெள்ளிக் கிளிப் ஒன்றை மாட்டியதே இவ்வகைச் சிகிச்சையின் தொடக்கம். அப்போது அறுவை அறையில் நுண்ணோக்கி கிடையாது. அக்கருவியை மையமாக வைத்து இத்துறையையே மாற்றியமைத்தவர், 1960-களின் பிற்பகுதியிலிருந்து சூரிச்சில் பணியாற்றிய துருக்கியர் காசி யாசர்கில். அவர் செம்மைப்படுத்திய வழி நெற்றிப்பொட்டில் தொடங்குகிறது. நான்கு எலும்புகள் கூடும் ‘டெரியான்’ என்ற அந்த இடத்தைச் சுற்றி எலும்பை வட்டமாக எடுத்த பிறகு, கண்குழிக்குப் பின்னே மதில் போல உள்நோக்கி நீளும் ஆப்பெலும்பின் விளிம்பைத் துரப்பணத்தால் தேய்த்துத் தட்டையாக்குகிறார்கள். எலும்பை எவ்வளவு குறைக்கிறோமோ அந்த அளவுக்கு மூளையை ஒதுக்கும் தேவையும் குறைகிறது. இத்துறையின் பெரும்பாலான முன்னேற்றங்கள் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வருவது சில்வியன் பிளவு. நெற்றி மடலும் பொட்டு மடலும் வாழைப்பூவின் மடல்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, சிலந்தி உறையின் இழைகள் அவற்றைத் தைத்ததுபோல் பிடித்திருக்கும். நுண்ணோக்கியின் கீழ் அந்த இழைகளை ஒவ்வொன்றாக அறுத்தால் மடல்கள் தாமாகவே விலகத் தொடங்கும். கூடவே மூளைத்தண்டுவட நீரும் வடிகிறது. மொத்தமே ஏறத்தாழ 150 மி.லி. உள்ள அந்நீரில் ஒரு பகுதி வெளியேறினாலே மூளை தளர்ந்து இடம் விடும். பிளவின் அடியில் பார்வை நரம்பும் உட்கழுத்துத் தமனியும் தெரியும். வளையத்தின் முன்பாதியிலுள்ள அனியூரிசங்களுக்கு இந்த அளவே போதும்.

அடித்தமனியின் உச்சி அப்படியன்று. அது இன்னும் உள்ளே, நடுமூளையின் இரு கால்களுக்கு இடையிலுள்ள குழியில் இருக்கிறது. உட்கழுத்துத் தமனிக்கும் கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்புக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தின் வழியே, அங்கே சிலந்தி உறையின் மடிப்பாகக் குறுக்கே நிற்கும் லிலிக்விஸ்ட் சவ்வைத் திறந்துகொண்டுதான் அதை எட்ட முடியும். கனடாவின் ஒன்டாரியோ மாநில லண்டன் நகரில் பணியாற்றிய சார்ல்ஸ் டிரேக், பொட்டு மடலுக்கு அடியில் நேர் பக்கவாட்டிலிருந்து செல்லும் வேறொரு வழியைப் பயன்படுத்தினார். இவ்வழியில் தொலைவு குறைவு. ஆனால் பொட்டு மடலை மெல்லத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், அதன் அடிப்பக்கத்திலுள்ள லாபே சிரை அறுபட்டால் மடலே வீங்கிவிடும் அபாயம் உண்டு.

இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கு விடை, அனியூரிசத்தைவிட அதன் பின்னால் ஒளிந்திருக்கும் நுண்கிளைகளைப் பொறுத்தே அமைகிறது. அடித்தமனியின் உச்சியிலிருந்தும் அங்கே பிரியும் பின்மூளைத் தமனிகளிலிருந்தும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத பல கிளைகள் பின்னோக்கிச் சென்று, உணர்வுச் செய்திகளை இடைநின்று கடத்தும் மூளைப்பகுதியான தாலமசையும் நடுமூளையையும் ஊட்டுகின்றன. அவற்றில் ஒன்று கிளிப்பில் சிக்கினாலும் நோயாளி விழிப்புணர்வை இழக்க நேரலாம். புடைப்பு அடைபட்டும் அறுவை தோற்றதாகிவிடும். யாசர்கிலின் நெற்றிப்பொட்டு வழியே முன்சாய்வாகச் செல்பவருக்கு இருபக்கப் பின்மூளைத் தமனிகளும் தெளிவாகத் தெரியும். நுண்கிளைகள் புடைப்புக்குப் பின்னால் மறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு நுண்கிளைகள் கண்ணெதிரே இருக்கும். எதிர்ப்பக்கத் தமனி மறைந்துவிடும். தமனியின் உச்சி, மண்டையோட்டின் அடித்தளத்தில் அதற்கு முன்னே நிற்கும் எலும்பு விளிம்பைவிட மிகத் தாழ்ந்திருந்தால் பக்கவாட்டு வழியே வசதியானது. இயல்பான உயரத்தில் இருந்தால் நெற்றிப்பொட்டு வழி ஏற்றது. அதற்கும் மேலே இருந்தால் கண்குழி விளிம்பையும் கன்ன எலும்பு வளைவையும் தற்காலிகமாகக் கழற்றிக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். அருகிலுள்ள தமனியோ நரம்போ நசுங்காமல் நடுவே புகுந்து செல்ல, அலகில் துளையிட்ட கிளிப் ஒன்றையும் டிரேக் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

கிளிப் மாட்டும் கணத்தில் புடைப்பு வெடித்தால் அந்தச் சந்தில் எதுவும் தெரியாது. அதனால் அடித்தமனியை முன்கூட்டியே தற்காலிகக் கிளிப்பால் சில நிமிடங்கள் அடைத்து, புடைப்பைத் தளர்த்திக்கொள்கிறார்கள். பிறகு இந்தோசயனின் பச்சைச் சாயத்தைச் சிரையில் செலுத்தினால், அகச்சிவப்பொளியில் குருதி ஓடும் கிளைகள் ஒளிர்கின்றன. ஒளிராத கிளை இருந்தால் கிளிப்பை உடனே எடுத்து மாற்றி மாட்டலாம்.

1990-களில் மருத்துவர் குக்லியல்மி உருவாக்கிய, புடைப்புக்குள் நிரப்பும் பிளாட்டினக் கம்பிச்சுருள் வந்தபிறகு, அடித்தமனி உச்சியின் புடைப்புகளில் பெரும்பாலானவை தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைக்கும் குழாய் வழியாகவே அடைக்கப்படுகின்றன. மண்டையைத் திறக்கும் தேவை குறைந்துவிட்டது. காம்பு அகன்றிருந்தாலோ, புடைப்பிலிருந்தே முக்கியக் கிளை புறப்பட்டாலோ மட்டும் பழைய சந்து மீண்டும் திறக்கப்படுகிறது. அப்படி அறுவை செய்யப்பட்ட நோயாளிகளில் பலர், அறுவைக்குப் பிறகு ஒரு கண்ணின் இமை தொங்கிய நிலையில் விழிக்கிறார்கள். இமையையும் தூக்கும் அந்த மூன்றாம் நரம்பு அறுபடவில்லை. வழியில் உரசப்பட்டதால் சோர்ந்திருக்கிறது, அவ்வளவே. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்த இமை தானே உயர்ந்துவிடும்.