ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்: எஞ்சிய அழுத்தமா, எச்சத் தகைவா?

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறை. ஜவ்வரிசி ஆலை ஒன்றுக்கு ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, செய்யும் வேலை. பிரைட் பார், அதாவது சூடாக்காமல் இழுத்துப் பளபளப்பாக்கிய எஃகுக் கம்பி, வாங்கிக் கொடுத்திருந்தேன். கோணலைக் காட்டும் டயல் கருவியை வைத்து உருட்டிப் பார்த்தபோது முள் ஏறக்குறைய அசையவே இல்லை, அவ்வளவு நேர். மில்லிங் மெஷினில் ஏற்றி, ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கீவே, அதாவது சாவிக்கட்டை உட்காரும் பள்ளம், வெட்டினார்கள். கிளாம்பைத் தளர்த்தியதும் கீவே பக்கம் மெல்லப் புடைத்துக்கொண்டது. மறுபடி டயல் வைத்தால் முள் ஆடோ ஆடென்று ஆடுகிறது.

"நாம வளைக்கல தம்பி. உள்ள முறுக்கு இருந்திருக்கு, அதுவே இழுத்துக்கிச்சு" என்றார் மூத்த டர்னர்.

அவர் முறுக்கு என்று சொன்னதைத்தான் பொறியியலில் ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்பார்கள். வெளியிலிருந்து எந்த விசையும் இல்லாதபோதும் பொருளுக்குள் தங்கியிருக்கும் இழுபறி அது. இதைத் தமிழில் பல இடங்களில் 'எஞ்சிய அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லின் வேர், இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினை. பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை என்ற கருத்துக்கு 1820களில் கணித வடிவம் தந்தவர் பிரான்சின் கணித அறிஞர் கோஷி. ஸ்ட்ரெஸ் வேறு, ஸ்ட்ரெய்ன் வேறு என்று பிரித்து வரையறுத்தவர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின். ஸ்ட்ரெய்ன் என்பது விசையால் பொருளின் வடிவில் வரும் மாற்றம். மனத்துக்கு வரும் ஸ்ட்ரெஸ் பிந்தியது. ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் 20-ஆம் நூற்றாண்டில் அதைப் பரப்பினார். அதைத் தமிழில் மன அழுத்தம் என்றோம். சரி, மனத்துக்குப் பொருந்தட்டும். அந்த 'அழுத்தம்' இரும்புக்கும் வந்து ஒட்டிக்கொண்டதில்தான் சிக்கல்.

இயற்பியல் பாடநூலில் அழுத்தம் என்றால் பிரஷர், டயரில் காற்று அடிக்கும்போது பார்க்கிறோமே அது. அதுகூடப் பரவாயில்லை. அழுத்தம் என்றால் அமுக்குவது மட்டும்தான். உலோகத்துக்குள் தங்குவதில் ஒரு பகுதி அமுக்கம், இன்னொரு பகுதி இழுப்பு. ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த இழுப்புதான். அதைப் போய் 'இழுவிசை அழுத்தம்' என்று எழுதினால் படிக்கிறவர் என்னவென்று புரிந்துகொள்வார்?

பள்ளிப் பாடநூலிலேயே நல்ல சொல் இருக்கிறது: தகைவு. ஸ்ட்ரெய்னுக்குத் திரிபு. தகைத்தல் என்றால் தடுத்தல், கட்டுதல். லத்தீனிலும் கட்டு, தமிழிலும் கட்டு. சொல்லைத் தேர்ந்தவர் யோசித்துத்தான் தேர்ந்திருக்கிறார். தகைவுக்கு இளைப்பு, தளர்ச்சி என்ற பொருளும் உண்டு. குளிர்காலத்தில் மின்கம்பிகளில் வரிசையாக வந்து உட்காருமே, தகைவிலான் குருவி, அதன் பெயரில் இருப்பதும் இந்தத் தகைவுதான். இளைப்பில்லாமல் பறப்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

யாரும் இழுக்காமல் இழுப்பு எப்படி வரும்? வீட்டிலேயே பார்க்கலாம். ஜரிகைக் கரை வைத்த பருத்தி வேட்டியைத் துவைத்தால் துணி சுருங்கும், ஜரிகை அவ்வளவாகச் சுருங்காது. கரை அலையலையாக நெளியும். துணி கரையை உள்ளுக்கு அமுக்குகிறது, கரை துணியை வெளிப்பக்கம் இழுக்கிறது. கரையைக் கத்தரித்துவிட்டால் இரண்டும் தளர்ந்துவிடும். பிரைட் பாரிலும் அதுதான் நடந்தது. அச்சுத் துளை வழியாகக் குளிர்நிலையில் இழுத்த கம்பியின் மேல்தோலில் இழுப்பும் நடுவில் அமுக்கமும் சமன் செய்துகொண்டு நிற்கும். ஒரு பக்கத் தோலை மட்டும் வெட்டி எடுத்ததும் எதிர்ப்பக்க இழுப்பைத் தடுக்க ஆளில்லை.

அந்தத் தகைவு கம்பி இழுத்தபோதே வந்தது. கீவே அதை அவிழ்த்துவிட்டது, அவ்வளவுதான். கடைசலும் சாணையும் தம் பங்குக்குப் புதிதாகவும் வைத்துவிட்டுப் போகும். கடைசல் உளியின் முனை எவ்வளவு தீட்டினாலும் நுண்ணளவில் கொஞ்சம் உருண்டைதான். அது உலோகத்தைச் சீவுவதோடு அடித்தோலைத் தேய்த்து விரிக்கவும் செய்கிறது. விரிந்த தோலை அடியிலுள்ள உலோகம் பிடித்து நெருக்குகிறது. இது அமுக்கத் தகைவு. அதே இடத்தில் சூடும் பிறக்கிறது. சூடான தோல் விரியப் பார்க்கும், அடியில் குளிர்ந்த உலோகம் விடாது. போக இடமில்லாமல் தோல் நசுங்கிவிடும். ஆறியபின் அது அளவில் குட்டை, ஆகவே இழுபட்டு நிற்கும். இது இழுதகைவு. தேய்ப்பும் சூடும் போட்டி போடுகின்றன, எது ஜெயிக்கிறதோ அதன் அடையாளம் தோலில் தங்குகிறது. ஆழம் என்னவோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான்.

சாணையில் சூடுதான் பெரும்பாலும் ஜெயிக்கும், அதுவும் கல் மழுங்கி, சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவம் சரியாகப் படாவிட்டால். கத்தியைச் சாணை பிடிக்கும்போது நுனியில் பழுப்பும் நீலமுமாக ஒரு கறை ஏறுமே, அதை ஷாஃப்டின் மேல் பார்த்தால் அங்கே இழுதகைவு இருக்கிறது என்று சந்தேகப்படலாம். சில சமயம் மயிரிழை விரிசலும் சேர்ந்தே வரும். மெல்லிய கம்பியிலிருந்து மின்பொறி பாய்ச்சி வெட்டும் வயர்கட்டில் உளியே படாது, ஆனால் மின்பொறி உருக்கி உறைய வைத்த தோலில் இழுப்புதான் மிஞ்சும்.

இழுபட்ட தோலில் விரிசல் எளிதாக வாய் திறக்கும், அமுங்கிய தோலில் மூடியே கிடக்கும். லாரியின் கமான் பட்டைமேல் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி அடிப்பது இதற்காகவே. தோலை வேண்டுமென்றே அமுக்கத்தில் வைத்தால் பட்டை மேல் பல மடங்கு அதிகத் தடவை சுமை ஏறி இறங்கினாலும் சீக்கிரம் சோர்ந்து முறியாது. ஆகவே இந்தத் தகைவை நோய் என்று மட்டும் எழுதுவதும் தப்பு.

அப்புறம், முன்னால் வரும் சொல். எஞ்சிய, மிச்ச, எச்ச என்று மூன்றும் புழங்குகின்றன. நான் எச்சத்தின் பக்கம். பறவை எச்சம் நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். எனக்கோ இலக்கண வகுப்பு நினைவுக்கு வருகிறது. 'வந்து' என்பது வினையெச்சம், 'வந்த' என்பது பெயரெச்சம். இன்னொரு சொல்லுக்காகக் காத்திருப்பவை. 'எஞ்சிய' என்றால் முடிந்துபோனதில் மீதி. பட்டறையில் அந்தக் கம்பி முடிந்துபோனதாகவா கிடந்தது? கட்டருக்காகக் காத்துக் கிடந்தது.

இதைப் போக்குவதற்கு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் என்று பெயர். தமிழில் தகைவு தணித்தல் என்றால் போதும். சாதாரண எஃகை ஏறத்தாழ 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சிறிது நேரம் வைத்திருந்து, மெல்ல ஆற விடுவார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுக்கிறவர்கள் இடையிடையே கம்பியை மங்கலாகச் சிவக்கக் காய்ச்சுவதும் ஒரு வகையில் இதன் உறவுதான். அங்கே கம்பியின் விறைப்பு முழுவதுமே போய்விடும். என் ஷாஃப்டுக்கு அடுத்த பாரைத் தணித்து வாங்கி, முதலில் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக் கடைந்து, கீவே வெட்டியபின் கடைசியாக அளவுக்குக் கொண்டுவந்தார் டர்னர். இந்த முறை டயல் முள் அடங்கி நின்றது.