வாசலை அடைக்கும் போலி வைட்டமின்

"கோழிக்குஞ்சுகளுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. இறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்கின்றன, எச்சத்தில் ரத்தம். குடல்புழு மருந்து கொடுத்தும் கேட்கவில்லையே, ஏன்?" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

குஞ்சின் வயதிலேயே பாதி விடை இருக்கிறது. கோழியின் பெரிய உருண்டைப்புழுவான அஸ்காரிடியா குடலுக்குள் வளர்ந்து முட்டையிடத் தொடங்க 5 முதல் 8 வாரம் ஆகும். 21 நாள் குஞ்சுக்குள் அதற்கு ஏது அவகாசம்? இந்த வயதில் எச்சத்தில் ரத்தம் என்றால் முதல் சந்தேகம் ரத்தக்கழிச்சல்தான். அதைக் கொண்டுவரும் ஐமீரியா புழுவே அல்ல. மலேரியா ஒட்டுண்ணிக்குத் தூரத்து உறவான ஒருசெல் உயிரி. புழு மருந்தான பைபரசின் புழுவின் தசையை முடக்கி வெளியே தள்ளும். தசையே இல்லாத உயிரியை அது என்ன செய்துவிடும்?

ஐமீரியாவின் கதை சுருக்கமாக. எச்சத்தோடு வெளியேறும் ஊசிஸ்ட், அதாவது முட்டை போல ஓடுள்ள அதன் பருவம், ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்துவிடும். குஞ்சு அதைக் கொத்தி விழுங்கும். அரைவைப்பை ஓட்டை உடைக்கும், பித்தநீரும் செரிமான நொதிகளும் மிச்சத்தைத் திறக்கும். உள்ளிருந்து எட்டு ஸ்போரோசோயிட்டுகள், அதாவது செல்லுக்குள் புகும் குட்டி ஒட்டுண்ணிகள், வெளியே வந்து குடல் செல்களுக்குள் புகும், பெருகும், செல்லை வெடித்துக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகும். ஐமீரியா டெனெல்லா என்ற இனம் பிடித்துக்கொள்ளும் இடம் குருட்டுக்குடல். ரத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கும் மருந்தான ஆம்புரோலியம்.

வெறித்தனமாகப் பெருகும் ஒட்டுண்ணிக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, தேவை. தயமின் மூலக்கூறில் ஹைட்ராக்சிஎத்தில் என்ற ஒரு சின்ன வால் உண்டு. செல்லுக்குள் போனபின் அந்த வாலில் பாஸ்பேட் ஏறினால்தான் தயமின் வேலைக்கு ஆகும். ஆம்புரோலியம் பார்வைக்குத் தயமின் மாதிரியே இருக்கும், அந்த வால் மட்டும் இருக்காது. தயமின் நுழையும் வாசலில் போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உண்மையான தயமின் வெளியிலேயே நிற்கும். போலி உள்ளே நுழைந்துவிட்டாலும் பாஸ்பேட் ஏற இடமில்லை, அதனால் பயனும் இல்லை.

சரி, குஞ்சுக்கும் தயமின் வேண்டுமே? இங்கேதான் அழகு. ஒட்டுண்ணியின் வாசல் கோழியின் வாசலைவிட மிகக் குறைந்த அளவிலேயே ஏமாந்துவிடும். அந்த இடைவெளிக்குள்தான் மருந்தின் அளவு நிற்கிறது: குடிநீரில் 0.012 சதவீதம், நோய் கடுமையானால் 0.024, மூன்றிலிருந்து ஐந்து நாள், அப்புறம் 0.006 சதவீதமாக ஓரிரு வாரம். தண்ணீரில் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. நோயுற்ற குஞ்சு தீனியை விட்ட பிறகும் கொஞ்ச காலம் தண்ணீர் குடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஐமீரியா குடலுக்குள் முடிவில்லாமல் பெருகுவதில்லை. சில தலைமுறைகளோடு ஊசிஸ்டாக வெளியேறிவிடும். மீண்டும் விழுங்காவிட்டால் நோய் தானாகவே அடங்கும். ஆகவே பிழைத்த குஞ்சுக்கு அந்த வாரம் யார் என்ன கொடுத்திருந்தாலும், மந்திரித்த தண்ணீரே ஆனாலும், பெயர் அதற்குப் போய்விடும். செத்த குஞ்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதனால்தான் எச்சத்தை ஒரு கால்நடை ஆய்வகத்தில் காட்டச் சொல்கிறேன். அடர்ந்த உப்புக்கரைசலில் கலக்கினால் ஊசிஸ்டுகள் மிதந்து மேலே வரும், நுண்ணோக்கியில் தெரியும். எளிய, மலிவான சோதனை. ஆனால் சிகிச்சைக்கோ, 1960 வாக்கில் வந்த ஆம்புரோலியத்தையே இன்னும் நம்பியிருக்கிறோம். பத்துக் குஞ்சு வளர்ப்பவருக்காக யார் ஆராய்ச்சிக்குப் பணம் போடுவார்கள் என்ற எரிச்சல் எனக்கு உண்டு.

வாசகருக்குக் கடைசியாக இரண்டு வேலைகள். ஈரமான கூளத்தை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் பரப்புங்கள். சாதாரணக் கிருமிநாசினிக்கு ஊசிஸ்ட் அசையாது, வறட்சிக்கு அசையும். குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று வைட்டமின் டானிக்கை அதே தண்ணீரில் ஊற்றாதீர்கள். அதில் பி1 இருந்தால், நீங்கள் அடைத்த வாசலை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். மருந்து முடிந்த பிறகு கொடுக்கலாம்.