‘இடுப்பு வலி’ என்கிறீர்கள், விரல் எங்கே போகிறது?

கொஞ்ச நாளுக்கு முன் ஒருவர் என் கிளினிக் வாசலில் காரை நிறுத்தினார். கதவைத் திறந்தவர் உடனே இறங்கவில்லை. இடது தொடைக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து, அரிசிப் பையைத் தூக்குவதுபோல் காலைத் தூக்கி வெளியே வைத்தார். அப்புறம்தான் எழுந்தார். கண்ணாடிக் கதவு வழியாக இதைப் பார்த்தபோதே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

உள்ளே வந்ததும் கீழ்முதுகு எம்ஆர்ஐ படத்தை மேசையில் வைத்து, “நாலு மாசமா இடுப்பு வலி மேடம்” என்றார். “எங்கே வலிக்குதுன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க” என்றேன். விரல் முதுகுப் பக்கம் போகவே இல்லை. பேண்ட் பாக்கெட்டுக்கு உள்பக்கமாக, அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில் போய் நின்றது.

நாம் கீழ்முதுகையும் இடுப்பு என்கிறோம், பக்கவாட்டு எலும்பையும் இடுப்பு என்கிறோம், தொடை இடுக்கையும் இடுப்பு என்றே சொல்லிவிடுகிறோம். வைத்தியமும் அதனால் இடம் மாறிப் போகிறது. இவர் பெல்ட் போட்டிருக்கிறார், எண்ணெய் தேய்த்து நீவியிருக்கிறார், வாய்வு என்று யாரோ சொல்லப் பூண்டும் பெருங்காயமும் சாப்பிட்டிருக்கிறார். வலித்த இடத்தை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த மடிப்புக்கு அடியில் ஓடுவது காலைத் தூக்கும் தசை. அதன் பெரிய பங்கு சோயாஸ். மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பிலும் கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளிலும் தொடங்கி, வயிற்றுக்குப் பின்னால் இறங்கி, இடுப்பெலும்பின் உட்குழிவில் இருந்து வரும் இலியாகஸ் தசையோடு சேர்ந்து, தொடை எலும்பின் உள்பக்கம் உள்ள ஒரு சிறிய முண்டில் முடிகிறது. ஒரு முனை முதுகில், மறுமுனை தொடையில். அதனால்தான் சிலருக்குத் தொடை இடுக்கோடு கீழ்முதுகும் சேர்ந்து வலிக்கிறது. முன்தொடையில் இருக்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸும் இதற்குத் துணை. படியேறுவது, பஸ்ஸின் உயரமான முதல் படியில் கால் வைப்பது, நின்றபடி பேண்ட் போடுவது எல்லாம் இவற்றின் வேலைதான்.

சரி, அவருக்கு ஏன் இடது பக்கம்? கியர் கார் ஓட்டுகிறார். சென்னையில் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை, மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆர் சாலையில், காலையும் மாலையும் போய் வருகிறார். நெரிசலில் கார் ஊர்ந்து போகும்போது இடது கால் கிளட்சுக்குத் தூக்கி, மிதித்து, தூக்கி, மிதித்து ஓய்வதே இல்லை. போதாக்குறைக்கு இருக்கை தாழ்வாக இருந்தது. முட்டி இடுப்பைவிட மேலே நின்றது. ஆபீஸ் போனாலும் அதே மடங்கிய நிலையில் 8, 9 மணி நேரம். தசை ஒரு பக்கம் சோர்ந்துபோகிறது, இன்னொரு பக்கம் நீளவே வாய்ப்பில்லாமல் இறுகுகிறது.

பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளும் இந்த வலியோடு வருவார்கள், அதிகமும் மார்கழிக்கு முந்தைய ஒத்திகை மாதங்களில். காலை உயரத் தூக்கி இறக்கும்போது உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது என்பார்கள். தசைநார் எலும்பின் மேட்டைத் தாண்டும் சத்தம் அது. வலி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். வலியும் சேர்ந்தால் ஒத்திகையைக் குறைத்துவிட்டுக் காட்ட வேண்டும்.

பந்தை உதைக்கும்போதோ வேகமாக ஓடும்போதோ ‘சுருக்’ என்று பிடித்தால் அது வேறு கதை. தசையில் சின்னக் கிழிசல் ஏற்பட்டிருக்கலாம். முதல் 2, 3 நாட்கள் ஓட்டமும் படியேற்றமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வையுங்கள். நீவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் தயவுசெய்து விடாதீர்கள். லேசான கிழிசல் பெரும்பாலும் 2, 3 வாரத்தில் ஆறும். பெரிதாக இருந்தால் 2 மாதம்கூட ஆகலாம்.

நாள்பட்ட வலிக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இறுக்கமாக இருக்கும் தசை பலமான தசை என்று நினைக்காதீர்கள். வீடியோ பார்த்து நாள் முழுக்க இழுத்து இழுத்து விடுகிறார்கள். அரை மணி நேரம் இதமாக இருக்கிறது, பிறகு மறுபடி இறுகுகிறது. பலவீனமான தசையை இழுப்பதோடு விட்டால் போதாது, அதற்கு வேலையும் கொடுக்க வேண்டும்.

நான் முதலில் கொடுப்பது இது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முட்டிக்குச் சற்று மேலே தொடையில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். முட்டியை மேலே தூக்கப் பாருங்கள், கை அதை எழ விடக் கூடாது. கால் அசையாது, ஆனால் உள்ளே தசை வேலை செய்யும். 5 வினாடி பிடித்து விட்டு, இப்படி 10 முறை. வலிக்கு 10க்கு மார்க் போட்டால் 3-ஐத் தாண்டக் கூடாது. இதோடு மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை மேலே தூக்கும் பயிற்சி. பின்னால் இருக்கும் பிட்டத் தசை தூங்கினால் முன்பக்கத் தசைக்குச் சுமை கூடும்.

அதன் பிறகுதான் இழுப்பு. வலிக்கும் பக்க முட்டியை மடித்த துண்டின்மேல் ஊன்றி, மற்ற காலை முன்னால் வையுங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள். உடம்பை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, ‘நல்லா இழுக்குது’ என்கிறார்கள். இழுபடுவது முதுகு. உடம்பை நேராக வைத்து, பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்ளே சுருட்டுங்கள். ஓர் அங்குலம்கூட முன்னால் போகாமலே தொடை மடிப்பில் இழுப்பு தெரியும். 30 வினாடி, 2, 3 முறை போதும்.

காரில் வந்தவருக்கு இவற்றோடு இருக்கையை உயர்த்தி, கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி முன்னால் நகர்த்தச் சொன்னேன். ஆபீஸில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கச் சொன்னேன். ஆறாவது வாரம் கைகொடுக்காமல் காலைத் தூக்கி இறங்கினார்.

அந்த இடத்தில் வரும் வலியெல்லாம் தசை வலி என்றும் இருந்துவிடாதீர்கள். இருமும்போது புடைப்பு தெரிந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். காய்ச்சலோடு காலை நீட்ட முடியாமல் வலித்தால் சோயாஸ் தசையில் சீழ் கட்டியிருக்கலாம், காசநோயாலும் அது வரும். வலது அடிவயிறும் சேர்ந்து வலித்தால் குடல்வால் அழற்சியா என்று பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கும் நிறையக் குடிப்பவர்களுக்கும் தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து இதே இடத்தில் வலிக்கலாம். மாரத்தானுக்காகத் திடீரென்று ஓட்டத்தைக் கூட்டியவருக்குக் காலை ஊன்றினாலே வலித்தால், எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதியாகும் வரை ஓடவே கூடாது. குழந்தை நொண்டினால் அன்றே காட்டுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு செய்ய வேண்டும் என்பதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவிலும், கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவமனையிலும் காட்டலாம். போகும்போது பழைய படங்களை எடுத்துப் போங்கள். ஆனால் அதை நீட்டுவதற்கு முன்னால், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்.